அளவு கேஸ்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீராசாமி ஸ்போர்ட்ஸ் கடைக்குள் நுழைகிறவர்களை பிராங்க் இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தான். வாங்க வந்தவர்கள் ஒரு ரகம். அளவு கேஸ்கள் இன்னொரு ரகம்.

அளவு கேஸ் என்பது அவனே வைத்த பெயர். இந்த ரகம் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் வரும். வந்ததும் ஏசிக்கு நேர் கீழே போய் நிற்கும். எட்டு ஷூ டப்பாக்களை இறக்கச் சொல்லி, எட்டையும் காலில் மாட்டி, கடைக்குள்ளேயே குதித்துப் பார்க்கும். டென்னிஸ் மட்டையைக் கையில் வாங்கிக் காற்றில் நாலு வீசு வீசும். கைப்பிடி எந்த நம்பர், எடை எத்தனை கிராம், நரம்பை எவ்வளவு இறுக்கிக் கட்டவேண்டும் என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை நடத்தும். பதில்களை எல்லாம் செல்போனில் ஏற்றிக்கொண்டு, டப்பா மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ பிடித்துக்கொண்டு, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று நழுவும். வீட்டில் கேட்கிறார்களாம், வீட்டில்! கடைப் படியிலேயே நின்று, கடையின் ஏசிக் காற்று முதுகில் படப்பட, ஆன்லைனில் ஆர்டர் போட்ட மகராசர்களை பிராங்க் கண்ணாரப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு எட்டு ஜோடிக்குள்ளும் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, டப்பாவை மூடி, ஏணி போட்டு மேலே ஏற்றுவது அவன் தலையெழுத்து. வெட்கம் கெட்ட ஜென்மங்கள் என்று ஏணிமேல் நின்றபடி திட்டுவான்.

அவனுக்கு ரோஷம் வருவதில் நியாயமும் இருந்தது. பிராங்க் ஆவடிப் பக்கத்துச் சேக்காட்டுக்காரன். பள்ளியிலும் கல்லூரியிலும் மாவட்ட அளவில் டென்னிஸ் ஆடியவன். ஆடிய ஆட்டத்துக்கு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பத்து வருடம் அலைந்து, கடைசியில் முப்பத்தொன்பது வயதில் கேரம் பவுடரும் ஸ்கிப்பிங் கயிறும் விற்றுக்கொண்டு நின்றான். எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் வைத்து ஓடும் பந்தயத்தில் இரண்டாம் பரிசு வாங்கப்போகும் குழந்தைகளுக்காகக் கோப்பையில் எழுத்துப் பொறிக்க ஆர்டர் எடுத்தான். ஆனாலும் கண் மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து, இந்த ஆள் எந்தக் காலை அழுத்தி ஊன்றுகிறான் என்று சொல்லிவிடுவான். கை குலுக்கினால் போதும், கைப்பிடி நம்பர் தெரிந்துவிடும். இருபது வருட வெயிலில் நின்று சேர்த்த அறிவு அது. அதை ஒருவன் ஓசியில் அள்ளிக்கொண்டு போய், ஐந்நூறு ரூபாய் தள்ளுபடிக்கு எங்கோ இருக்கும் குடோனில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவன் என்ன மரக்கட்டையா?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். அளவு கேஸ் என்று மனதுக்குப் பட்டுவிட்டால் அளவைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வான். பெரிய கைக்குச் சின்னக் கைப்பிடி. நோஞ்சான் கைக்குக் கனத்த மட்டை. ஒன்பதாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் ஷூ. "டென்னிஸ் ஷூ டைட்டாத்தான் சார் இருக்கணும், போகப்போக லூஸாயிடும்" என்று முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொன்னால், படித்தவன் தலையாட்டுவான். போட்டோ எடுத்துக்கொள்வான். நாலு நாளில் கூரியர் வரும், ஐந்தாம் நாள் கொப்புளம் வரும். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியோடு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போனபோது, நடைபாதையில் இரண்டு பேர் புத்தம்புது ஷூவில் நொண்டிக்கொண்டு போனார்கள். இரண்டு முகமும் அவனுக்குத் தெரிந்த முகம். அன்றைக்குக் குச்சி ஐஸ் அவனுக்கு வழக்கத்தைவிட இனித்தது.

இத்தனை கசப்புக்கு நடுவில் பிராங்குக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கடையை விட்டு மறுபடியும் ஆடுகளத்துக்குப் போய்விட வேண்டும். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் முந்நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடி ஒன்றில் டென்னிஸ் மைதானத்தைப் புதுப்பித்து, காலை மாலை சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டான். குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் நம்பருக்குத் தன் சான்றிதழ்களைப் படம் பிடித்து அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்தது. அதோடு சரி. ஒரு மாதமாகத் தினமும் தூங்கி எழுந்ததும் அந்த இரண்டு நீல டிக்கைத்தான் முதலில் பார்த்தான்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடைக்குள் ஒரு ஆள் நுழைந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், அதற்கு ஈடு கட்டுவதுபோல் நல்ல தொந்தி. கட்டம் போட்ட சட்டை, கையில் தயாராகச் செல்போன். வந்தவர் நேரே ஏசிக்குக் கீழே போய் நின்று, "அப்பாடா" என்றார்.

பிராங்குக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"வணக்கமுங்க. எம் பேரு ஜெகதீஷ். டென்னிஸ் ஆடறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் பாக்கோணுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது. ராசிபுரத்துப் பக்கம் எங்கூர்ல கபடிதான்" என்றார் அவர்.

"பாக்கலாம் சார். பாக்கறதுக்குக் காசா பணமா" என்றான் பிராங்க். குத்திச் சொன்னது அந்த மனிதருக்கு உறைக்கவில்லை. சிரித்தார்.

முதலில் ஷூ. ஜெகதீஷ் செருப்பைக் கழற்றியதுமே ஒன்பது என்று பிராங்குக்குத் தெரிந்தது. அகலமான, விரல் விரிந்த பாதம். ஆறு டப்பாக்கள் இறங்கின. ஜெகதீஷ் ஒவ்வொன்றையும் மாட்டி, கடைக்குள் நடந்து, ஒவ்வொரு டப்பாவின் சீட்டையும் செல்போனில் போட்டோ எடுத்தார். எடுத்து, அதை விரலால் விரித்து விரித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிராங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டாம் நம்பர் டப்பாவை எடுத்து நீட்டினான்.

"விரல் போயி முட்டுதுங்களே."

"முட்டணும் சார். டென்னிஸ்ல சடார்னு நிக்கணும், சடார்னு திரும்பணும். உள்ள கால் ஆடிச்சின்னா சுளுக்கிக்கும்."

"ஓ, அப்படிங்களா" என்று ஜெகதீஷ் வியந்தார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பிராங்க் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்தது பனியன். வேர்வையைச் சட்டென்று உலர்த்தும் மெல்லிய துணி நாலு நிறத்தில் எதிரே தொங்கியது. பிராங்க் அதைத் தாண்டிப் போய், கம்பளி மாதிரி தடித்த வெள்ளைப் பருத்திப் பனியன் மூன்றை எடுத்துவந்து போட்டான். "பழைய காலத்து சாம்பியனுங்க எல்லாம் காட்டன்தான் சார்" என்றான். சென்னை வெயிலில் அரைமணி ஆடினால் அது நனைந்த சாக்காக உடம்பில் தொங்கும் என்பதைச் சொல்லவில்லை. அரைக்கால் சட்டையிலும் தொடையை அறுக்கும் தையல் உள்ளதாகப் பார்த்து ஒன்று எடுத்தான். ஜெகதீஷ் அதையும் போட்டோ எடுத்தார்.

பிறகு மட்டை. பிடித்துப் பார்க்க ஒன்றைக் கொடுத்தான். மட்டையைப் பிடித்த கையின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும், அதுதான் சரியான கைப்பிடி. ஜெகதீஷுக்குப் பெரிய கை. நாலாம் நம்பர் கைப்பிடி.

ஜெகதீஷ் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர் என்னைய எந்த டீமிலயும் சேக்கமாட்டாருங்க. உனக்கு இருக்கறது கையில்லடா, அகப்பைன்னுவாரு. கபடியில கூடக் கோட்டுக்கு வெளிய நின்னு எல்லாரோட சட்டையையும் பிடிச்சுக்கற வேலைதான் எனக்கு. இப்ப டாக்டரு, சர்க்கரை ஏறிப்போச்சு, ஏதாச்சும் விளையாடுன்னுட்டாரு. வீட்டுக்குக் கீழயே மைதானம் இருக்குது. இந்த வயசுலயாச்சும் ஒண்ணைக் கத்துக்கலாமுன்னு."

அகப்பைதான், சந்தேகமென்ன என்று நினைத்தபடி பிராங்க் சுவரிலிருந்து ஒரு மட்டையை இறக்கினான். முந்நூற்றுப் பதினைந்து கிராம். போட்டிகளில் ஆடுகிற இளவட்டங்களுக்கானது. இரண்டாம் நம்பர் கைப்பிடி. மூன்று வருடமாக யாரும் தொடாமல் அதில் தூசி படிந்திருந்தது. "உங்க பாடிக்கு இதான் சார் சரியா இருக்கும். நரம்பு அறுபது பவுண்டுல கட்டணும். ஐம்பதுல எல்லாம் கட்டுனா பந்து எங்கியோ பூடும்."

"அறுபது" என்று ஜெகதீஷ் செல்போனில் குறித்துக்கொண்டார்.

குறித்துக்கொள், நன்றாகக் குறித்துக்கொள் என்று பிராங்க் மனதுக்குள் கைதட்டினான். இப்போது 'வீட்ல ஒரு வார்த்தை' வரும். அதற்காகக் காத்து நின்றான்.

"சரிங்க. எல்லாத்தையும் போட்டுருங்க" என்றார் ஜெகதீஷ்.

பிராங்குக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. "எல்லாம்னா?"

"நீங்க எடுத்து வெச்ச எல்லாமேதானுங்க. நரம்பும் அறுபதுலயே கட்டிக் குடுத்துருங்க, இருந்து வாங்கிட்டுப் போறேன்."

"வீட்ல கேக்க வேணாமா சார்?"

"வீட்ல எதுக்குங்க கேக்கோணும்? தெரிஞ்சவரு நீங்களே சொல்லிட்டீங்க."

"அப்ப போட்டோ எதுக்கு சார் எடுத்தீங்க?" பிராங்கின் குரல் அவனை அறியாமல் உயர்ந்துவிட்டது.

ஜெகதீஷ் கூச்சத்தோடு சிரித்தார். "படிக்கற கண்ணாடிய வீட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டனுங்க. சீட்டுல இருக்கறது பொடி எழுத்து. போட்டோ எடுத்துப் பெருசு பண்ணாத்தான் தெரியுது."

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி வீராசாமி எழுந்தே வந்துவிட்டார். வாடிக்கையாளருக்கு மோர் வாங்கி வரச் சொன்னார். நரம்பு கட்டும் மெஷின் அருகே வந்து, பிராங்கின் காதில் கிசுகிசுத்தார். "மூணு வருசமா செவுத்துல தொங்கிகினு இருந்த சனியன் நைனா அது! எப்டிப்பா தள்ளுன? கில்லாடிடா நீ." பிராங்க் மெஷினில் மட்டையை மாட்டினான். அறுபதில் கட்டினால் ஒவ்வோர் அடியும் முழங்கையில் போய் அதிரும்; ஐம்பதுக்குக் கட்டிவிடலாமா என்று கை தயங்கியது. ஜெகதீஷ் மோரைக் குடித்தபடி பக்கத்திலேயே வந்து நின்று, மெஷினில் ஓடும் எண்ணைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதில் போய் நின்றதும், "ஆங், அறுபது" என்று அவரே சொன்னார்.

பில் போடும்போது ஜெகதீஷ் இன்னொன்றும் சொன்னார். "எங்க ஃபிளாட்ஸ் அயனம்பாக்கத்துலங்க. மைதானத்துக்குக் கோச் தேடிட்டே இருக்கறாங்க, சரியா யாரும் அமையல. உங்களைப் பாத்தா ஆடுனவராட்டம் தெரியுது. உங்க பேரைச் சொல்லட்டுங்களா?"

ஒரு மாதமாகப் பார்த்துவந்த அந்த இரண்டு நீல டிக் பிராங்கின் கண்முன்னே வந்து நின்றது. உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சார், ஒரு நிமிஷம், இதெல்லாம் வேண்டாம், வேறே எடுத்துத் தருகிறேன். பத்து வார்த்தைகூட இல்லை. ஆனால் ஏன் என்று கேட்பாரே? பக்கத்தில் வீராசாமி பல்லெல்லாம் தெரிய நிற்கிறாரே? எல்லாவற்றுக்கும் மேல், இந்த ரக ஆள்கள் எத்தனை நாள் ஆடிவிடப் போகிறார்கள்? ஒரு வாரம் ஆடுவார்கள், போட்டோ போடுவார்கள், பிறகு மட்டை பால்கனியில் தொங்கும். உடற்பயிற்சி மெஷின் வாங்கித் துண்டு காயப்போடுகிற கூட்டம்தானே இது. இப்படியெல்லாம் நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றான் பிராங்க். பையை அவனே வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தான்.

அன்று வீட்டில் இதை வேடிக்கைக் கதையாக மனைவி ஞானகுமாரியிடம் சொன்னான். அவள் ஆவடியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னாண்ட வர்றவன் மூஞ்சி புடிக்கலன்னு நான் ஊசிய மாத்திக் குத்துனா சும்மா இருப்பியா நீ?"

"அவன் அளவு கேஸுன்னு நெனச்சேன்டி."

"நெனச்ச. அப்பறம் இல்லன்னு தெரிஞ்சிதில்ல? அப்ப இன்னா பண்ணிகினு இருந்த?"

"அவன் எங்க ஆடப்போறான், உடு. ரெண்டு நாள் ஆடிட்டு மூலைல போட்டுடுவான்."

"போட்டுட்டா உன் புண்ணியம்" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.  பிராங்குக்கு மூன்றாவது கவளத்துக்குமேல் இறங்கவில்லை.

நாலு வாரம் கழித்து அந்த நீல டிக்கிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் சுலோசனா என்ற அம்மாள், அந்தச் சங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர். "ஜெகதீஷ் உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு வாங்க. ஆடிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

ஞாயிறன்று மாதா கோயில் முதல் பூசைக்குப் போகாமல், பழைய ஆட்டக்கார உடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பிராங்க் வண்டியை எடுத்தான். அயனம்பாக்கம் போய்ச் சேரும்போது ஏரிமேல் லேசாக வெளிச்சம் வந்திருந்தது. மைதானம் நன்றாகவே இருந்தது. சிமெண்டுத் தரைக்குமேல் நீலமும் பச்சையுமாக வண்ணம் பூசி, வலையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆனால் ஓரத்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு கனவான்களைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய இளக்காரம் திரும்பிவிட்டது. ஒருவர் வேர்வையே வராத நெற்றியில் அகலப் பட்டை கட்டியிருந்தார். இன்னொருவர் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை, இரண்டு முட்டியிலும் உறை. மூன்றாமவர் தோளில் ஆறு மட்டை கொள்ளும் பை, உள்ளே ஒன்றே ஒன்று. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். இவர்கள் கூடத்துக்கு வெள்ளையடித்து, மேளக்காரனையும் கூட்டிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அந்த நெற்றிப் பட்டைக்காரர் கடைக்கு வந்து நெற்றிப் பட்டையைப் பற்றி அரைமணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர் என்பதும் நினைவுக்கு வந்தது.

சுலோசனா மட்டும் வேறு மாதிரி. ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. அறுபதைத் தாண்டியவர், காலில் வெளுத்த வெள்ளைக் கேன்வாஸ். குதிகால் தேயாமல், முன்பாதம் மட்டும் தேய்ந்த ஷூ. அதைப் பார்த்ததுமே பிராங்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆடச் சொன்னார், ஆடினான். பத்து வருடத் துரு முதல் ஐந்து நிமிடத்தில் உதிர்ந்துவிட்டது. பந்து அவன் சொன்ன இடத்தில் விழுந்தது. நெற்றிப் பட்டையை எதிரே நிறுத்தி, பிடிப்பது எப்படி, தோளைத் திருப்புவது எப்படி என்று கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்து, அந்த மனிதரே நாலு பந்தை வலைக்கு மேலே அனுப்பும்படி செய்துவிட்டான். பெஞ்சிலிருந்து கைதட்டல் வந்தது. உடம்பெல்லாம் வேர்வை. இத்தனை சந்தோஷமாக அவன் இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"ஒண்ணாம் தேதிலேர்ந்து வர முடியுமா?" என்று கேட்டபடி சுலோசனா நோட்டைத் திறந்தார்.

"நாளைக்கேகூட வர்றேன் மேடம்."

அப்போதுதான் ஜெகதீஷ் வந்தார்.  காலில் ரப்பர் செருப்பு. இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போயிருந்தன. வலது முழங்கையில் அகலமான கட்டு, கை கழுத்துத் துணியில் தொங்கியது. இடது தோளில் அன்று பிராங்க் தூக்கிக் காரில் வைத்த அதே பை.

"வாங்க சார், வாங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தார் ஜெகதீஷ். "நாஞ் சொல்லலைங்களா மேடம், சாரு பெரிய ஆளுன்னு?"

சுலோசனா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஜெகதீஷ் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்ல. தினமும் காலைல அஞ்சே முக்காலுக்கு சுவத்தோட ஒத்தையா நின்னு ஆடிட்டிருப்பார். இவங்கல்லாம் எழுந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். இருபது நாள். இப்ப காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியல. ரெண்டு மாசம் மட்டையைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அது எந் தலைவிதிங்க" என்றார் ஜெகதீஷ். "சாரு எல்லாம் சரியாத்தான் குடுத்தாரு. கை சரியில்ல. அகப்பைக் கை. அதான், நல்லா ஆடற பையன் யாருக்காச்சும் இதெல்லாம் குடுத்துருங்கன்னு எடுத்துட்டு வந்தேன். நமக்கு ஒத்து வராதுங்க."

பையை பெஞ்சில் வைத்தார். சுலோசனா மட்டையை வெளியே எடுத்தார். கையில் தூக்கிப் பார்த்தார். நரம்பை விரலால் சுண்டினார். கைப்பிடியின் அடியில் இருந்த எண்ணைப் படித்தார். பிறகு ஜெகதீஷின் இடது கையில் அதைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, தன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் நுழையவில்லை. ஜெகதீஷின் விரல் நுனிகள் உள்ளங்கையிலேயே குத்திக்கொண்டு நின்றன.

"பிராங்க், இவருக்கு இதை யார் அளந்து குடுத்தது?"

"நான்தான் மேடம்."

"இப்படி ஒண்ணைப் புதுசா ஆடறவர் கையில குடுக்கலாமா?"

பிராங்குக்குத் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. கடையில் வேறு இருப்பு இல்லை என்று சொல்லலாம். முதலாளி தள்ளிவிடச் சொன்னார் என்று பழியை வீராசாமி தலையில் போடலாம். அன்று அவசரத்தில் கவனிக்கவில்லை மேடம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று குழையலாம். கடைசியாகச் சொன்னதுதான் உசிதம் என்று அவன் வாயைத் திறந்தும் விட்டான்.

அதற்குள் நெற்றிப் பட்டைக்காரர் பெஞ்சிலிருந்து சமாதானம் சொன்னார். "விடுங்க மேடம். பாவம், கடையில நிக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? நாமதான் நெட்ல பாத்துட்டுப் போகணும்."

பிராங்கின் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"எனக்குத் தெரியாதா?" என்று திரும்பினான். "எனக்கா? யாருக்கு சார் தெரியாது? அவர் கைக்கு நாலாம் நம்பர் கைப்பிடி. எரநூத்தி எண்பது கிராமுக்கு மேல ஒரு கிராம் இருக்கக்கூடாது. நரம்பு ஐம்பது பவுண்ட். ஷூ ஒன்பது, அகலமா இருக்கணும். செருப்பைக் கழட்டும்போதே தெரியும் சார் எனக்கு! கடைல நிக்கறவனுக்கு எங்க தெரியுமாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவனுக்கே கேட்டது. எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டாள் என்ற பெயரை மட்டும் அவனால் தாங்க முடியாது. அதற்குப் பயந்து அயோக்கியன் என்ற பெயரைத் தானே கூப்பிட்டு வாங்கிக்கொண்டான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"அப்ப தெரிஞ்சேதான் குடுத்தீங்க" என்றார் சுலோசனா.

"அளவு மட்டும் கேட்டுகினு போயி ஆன்லைன்ல வாங்கறவர்னு நெனச்சேன் மேடம். அந்த மாதிரி ஆளுங்களுக்கு... மாத்திச் சொல்லிடுவேன்." குரல் தேய்ந்துவிட்டது. பெஞ்சில் இரண்டு பேர் தங்கள் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள். நெற்றிப் பட்டை நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அவர் காசு குடுத்து வாங்கினப்போ?"

 சுலோசனா நோட்டை மூடினார். "நீங்க நல்லா ஆடறீங்க. நல்லாவும் சொல்லிக்குடுக்கறீங்க. ஆனா எங்க வீட்டுப் பிள்ளைங்க கையை உங்ககிட்ட குடுக்க முடியாது. கிளம்புங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மார்க் ஷீட்டில் எண் போடுகிற மாதிரி சொன்னார்.

பிராங்க் தன் மட்டையை உறையில் போட்டான். ஜிப் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோது ஜெகதீஷ் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார், திட்டட்டும், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

"சார்" என்றார் ஜெகதீஷ். "அப்ப எங் கை மேல தப்பில்லீங்களா?"

பிராங்க் நிமிர்ந்தான். அந்த மனிதரின் முகத்தில் கோபம் இல்லை. முப்பது வருடமாக மனதில் வைத்திருந்த ஒன்றைக் கேட்கிற முகம் அது.

"இல்ல சார்."

"நல்ல கைதானுங்களா?"

"நல்ல கை சார். பெரிய கை. இந்தக் கைக்கு ஏத்த மட்டை இருந்தா..." பிராங்க் பாதியில் மறுபடியும் ஜிப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.  இத்தனை வருடமாகக் கையையும் காலையும் அளந்தவன், ஒரு ஆளைக்கூட அளக்கவில்லையே என்று அவமானமாக இருந்தது.

ஜெகதீஷ் கட்டுப் போடாத இடது கையால் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்தார். "மறுக்காச் சொல்லுங்க. மெதுவா."

பிராங்க் சொன்னான். நாலாம் நம்பர் கைப்பிடி. இருநூற்று எண்பது கிராம். ஐம்பது பவுண்டு. மெல்லிய துணி, பருத்தி வேண்டாம். ஷூ ஒன்பது, அகலமானது, கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும். ஜெகதீஷ் இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி அடித்தார். தப்பு விழுந்தால் அழித்து மறுபடி அடித்தார். பிராங்க் நின்று காத்திருந்தான்.

"கடைக்கு வந்தீங்கன்னா சார், நானே எல்லாத்தையும் மாத்தி..."

"வேண்டாமுங்க" என்றார் ஜெகதீஷ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அளவுதான் இப்ப தெரிஞ்சுபோச்சே. ஆன்லைன்லயே வாங்கிக்கறேன்."